எறும்பு ஏறிய மீன்கள்

"மேடம், எறும்புங்களுக்கு ஓவியம் புடிக்குமா?"

காம்பவுண்டுச் சுவருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பிரசாத், திரும்பிப் பார்க்காமலே கேட்டான். பூங்குழலி அவன் பக்கம் திரும்பினாள். பெரம்பலூரில் அவள் நடத்தும் துப்பறியும் ஆபீசில் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து அவன் கேட்டு வரும் கேள்விகளில் முக்கால்வாசி சும்மா கேட்பவை. மிச்சம் உள்ளவை கேஸை முடித்துக் கொடுப்பவை. எது எந்த வகை என்று அவனுக்கே தெரியாது என்பதுதான் சிக்கல்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற சாலையில், ஊர் முடிந்து சுண்ணாம்புக்கல் குழிகள் தொடங்குகிற இடத்தில் அந்த வீடு தனியாக நின்றது. பக்கத்து வீடு என்று எதுவும் கிடையாது. பின்னால், கல் எடுத்து முடித்துக் கைவிட்ட பெரிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. முன்னால் சிமெண்ட் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. எதுவும் அங்கே நிற்கவில்லை. நிற்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரர் பாக்கியராஜ், குவாரியில் வெடி வைக்கும் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஆனி ரோஸ், அரியலூரில் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர். போன வருடம் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் புற்றுநோயில் இறந்துவிட்டார். ஒரே மகன் லியோ பிரபு சென்னையில்.

அவர் கொடுத்த புகார் விசித்திரமானது. அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து யாரோ வந்து காம்பவுண்டுச் சுவரின் வெளிப்பக்கத்தில் படம் வரைந்துவிட்டுப் போகிறார்கள். எதுவும் திருடு போகவில்லை. எதுவும் உடையவில்லை. படம்தான் கூடிக்கொண்டே வருகிறது.

"நேத்து ஞாயித்துக்கிழமைங்களா, வரதராஜன்பேட்டைக்கு, சர்ச்சு பூசைக்குப் போயிருந்தேன். எங்க சொந்த ஊரு அதான். அவளையும் அங்கதான் அடக்கம் பண்ணிருக்கு. காலையில போனா பொழுது சாய்ஞ்சுதான் திரும்புவேன். வந்து பாத்தா இது" என்று பாக்கியராஜ் சுவரின் கடைசிப் படத்தைக் காட்டினார். தொடாமல், கொஞ்சம் தள்ளியே கையை நிறுத்தினார்.

பூங்குழலி இடது கோடியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். முதலில் ஒரு மான், அதன் கொம்புகள் கிளை விட்டு மரமாகியிருந்தன. அடுத்தது ஒன்றையொன்று சுற்றி வளைந்த இரண்டு மீன்கள். மூன்றாவது, குச்சிக் கை கால்களோடு வட்டமாகக் கைகோத்து ஆடும் வெள்ளை மனிதர்கள். நான்காவதில் பூத்த மரம், கிளையில் இரண்டு பறவைகள். ஐந்தாவது ஒரு மயில். நேற்று வந்தது ஆறாவது: வாசல் திறந்த வீடு. வாசலுக்கு வெளியே ஒரு பெண், பக்கவாட்டு முகம், முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு பெரிய கண்.

பிரசாத் செல்போனைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றின் பாணிக்கும் பெயர் சூட்டினான். "மானும் மயிலும் கோண்டு. மத்தியப்பிரதேசம். ஆடுறவங்க வார்லி, மகாராஷ்டிரா. மீனும் கண்ணு பெருசா இருக்குற அம்மாவும் மதுபனி, பீகார். மரம் கலம்காரி, ஆந்திரா. மேடம், ரயில்ல டிக்கெட் எடுக்காம இந்தியா முழுக்கச் சுத்திட்டு வந்திருக்கான் நம்மாளு."

"பகல்ல வரைஞ்சிருக்காங்க. யாரும் பாக்கலையா?"

"செவுத்துக்கு முன்னால ஒரு ஆளு பிரஷ்ஷோட நின்னா கட்சி விளம்பரம்னு நெனச்சுட்டுப் போயிடுவாங்க மேடம். நான்கூட அப்படித்தான் போவேன்."

பாக்கியராஜ் அவர்களை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். ஹாலில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் யாரோ சமையல் செய்துகொண்டிருந்தார்கள். இயேசு படத்துக்குக் கீழே ஆனி ரோஸின் படம். பக்கத்தில் பழைய குவாரி போட்டோ ஒன்று: வெள்ளைப் பாறைத் தளம், அதில் வெடிமருந்து நிரப்பத் துளைத்த குழிகள், ஓரத்தில் ஹெல்மெட்டோடு மீசை கறுத்த பாக்கியராஜ். சத்தமில்லாத டிவியைப் பூங்குழலி புரிந்துகொண்டாள். ஆபீசுக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறையில் குடியிருக்கும் அவளும், வெளியே போகும்போது ரேடியோவை நிறுத்துவதில்லை. திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போது உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தால் நல்லது.

"டீச்சருக்கு இந்த மாதிரிப் படம் வரையத் தெரியுமா சார்?"

"எல்லாமே வரைவா. துணியில வரைஞ்சு பொட்டியில அடுக்கி வச்சிருக்கா."

"அவங்களோட சேந்து வரையுற கூட்டாளி யாராச்சும்?"

பாக்கியராஜின் முகம் இறுகியது. "ஒருத்தி இருந்தா. அதே ஸ்கூல்ல தையல் டீச்சர். உசுருக்கு உசுரா இருந்தாங்க ரெண்டு பேரும். நடுவுல என்னமோ பேச்சு நின்னு போச்சு. அந்தம்மா ஊர வுட்டே போயிட்டாங்க. ஸ்கூலு மூலமா சாவு சேதி சொல்லி வுட்டேன். வரல. செத்த வூட்டுக்கு வராதவங்களப் பத்தி எனக்கு என்னங்க பேச்சு?"

"சரி. உங்களுக்கு இப்ப என்ன தெரியணும்?"

"யாருன்னு தெரியணும். அவ்வளவுதான். போலீசெல்லாம் வேணாம்." கொஞ்சம் நிறுத்தி, "என் மவன்கிட்ட போன்ல சொன்னேன். 'தனியா இருந்து இருந்து நீங்களா எதையோ நெனச்சுக்கிறீங்கப்பா, வூட்ட வித்துட்டு இங்க வந்துருங்க'ன்றான். மாசக் கடைசியில வாங்குற ஆளையே கூட்டிட்டு வரானாம். வாங்குறவன் மொதல்ல செவுத்தத்தான் இடிப்பான். லாரி நிறுத்த எடம் வேணும்ல?"

யாரென்று தெரிய வேண்டும் என்றார். நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. பூங்குழலி அதை மனதுக்குள் குறித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அப்போதுதான் பிரசாத் எறும்பைப் பற்றிக் கேட்டது.

"எங்க எறும்பு?"

"மீனு மேல பாருங்க. கறுப்புக் கோட்டப் புடிச்சுக்கிட்டே வரிசையா போவுது, ரேஷன் கடை கியூ மாதிரி. ஆனா பக்கத்துல இருக்குற மானத் தொடல. வார்லியத் தொடல. மரத்துல மறுபடி ஏறுது. மயில் வேணாமாம். கடைசியில அந்தம்மா மேல ஏறுது. ஒண்ணு வுட்டு ஒண்ணு. விவரமான எறும்பா இருக்கு."

பூங்குழலி விரலை ஈரமாக்கி மீனின் கறுப்புக் கோட்டில் தேய்த்து முகர்ந்தாள். புளித்த வாடை. பிறகு பிரசாத் முகம் சுளிக்கச் சுளிக்க, விரலை நாக்கில் வைத்தாள்.

"வெல்லம்."

"மேடம், போன கேஸ்ல சாட்சி குடுத்த காபியவே நீங்க குடிக்கல. செவுத்த நக்குறீங்க."

"கலம்காரிக்கு மை எப்படிச் செய்வாங்கன்னு போன்ல பாரு."

அவன் பார்த்தான். சிரிப்பு போய் முகம் கூர்மையானது. "துருப்புடிச்ச இரும்பையும் வெல்லத்தையும் பானையில ஊறப்போட்டுப் புளிக்க வைப்பாங்களாம். அதான் கறுப்பு மை. கடுக்காய்த் தண்ணி தடவுன எடத்துல வச்சாத்தான் நல்லா கறுக்குமாம்."

மீன்களைச் சுற்றிச் சுவரில் மங்கலான மஞ்சள் திட்டு இருந்தது. மரத்தைச் சுற்றியும். வாசலில் நிற்கும் பெண்ணைச் சுற்றியும். மானுக்கும் மயிலுக்கும் ஆடுகிறவர்களுக்கும் அது இல்லை. அவை கடையில் வாங்கிய பெயிண்ட்.

"ரெண்டு பேர்" என்றாள் பூங்குழலி. "ஒருத்தர் டப்பா பெயிண்ட். இன்னொருத்தர் வெல்ல மை. ஒருத்தர் ஒண்ணு வரைஞ்சா, அதப் பாத்துட்டு அடுத்தவர் ஒண்ணு. இவங்க வரையல பிரசாத், பேசிக்கிறாங்க."

பின்னால் நின்ற பாக்கியராஜ், "ரெண்டு பேருங்களா?" என்றார். குரலில் கேள்வி இருந்தது. கண்ணில் ஆச்சரியம் இல்லை. அவர் அந்தப் பெரிய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரம்பலூர் போகும் வழியில் பைக்கை ஓட்டிக்கொண்டே பிரசாத் கத்தினான். "வெல்லத்த ஊரே வாங்குது. துரு ஆணி எங்க வூட்டுலயே கெடக்கு. இதுல எங்க போய்த் தேடுறது?"

"கடுக்காய். அத யாரு கிலோ கணக்குல வாங்குறாங்கன்னு கேப்போம். செவுத்துல படம் வந்ததத் தெரிஞ்சுக்கிட்டுத்தான பதில் வருது? அப்ப இந்த ரோட்டுல அடிக்கடி பஸ்ல போற ஆளு."

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் அரியமுத்து, கேள்வியைக் கேட்டதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"கடுக்காயா? பொதுவா அம்பது கிராம், நூறு கிராம் வாங்குவாங்க. வயித்துக்கு."

"கிலோவா வாங்குற ஆளு?" என்றான் பிரசாத். "அவ்வளவையும் சாப்புட்டா வூட்ட வுட்டு வெளிய வர முடியாதுங்களே. எங்காளு அரியலூர் வரைக்கும் போய்ட்டு வருது."

அரியமுத்து சிரித்துவிட்டார். "சாப்புடுறதுக்கு இல்ல தம்பி, சாயத்துக்கு. அது ராசாத்தி டீச்சர். வாலிகண்டபுரம். ஸ்கூல்ல தையல் டீச்சரா இருந்தவங்க. அரியலூர்ல ஒரு துணிக்கடைக்கு ஜாக்கெட் தைச்சுக் குடுக்க வாரா வாரம் பஸ்ல போவாங்க. முன்னாடி வாங்கிட்டு இருந்தாங்க, அப்புறம் வுட்டுட்டாங்க. வூட்டுக்காரரு போனதுலேருந்து யாரோடவும் பேச்சு கெடையாது. இப்ப சமீபமா மறுபடி வாங்குறாங்க. 'என்ன டீச்சர், திரும்ப ஆரம்பிச்சுட்டீங்களா?'ன்னேன். சிரிச்சாங்க. அவங்க சிரிச்சு நான் பாத்ததே மறந்து போச்சுங்க."

வெளியே வந்ததும் பிரசாத் கையைத் தேய்த்துக்கொண்டான். "முடிஞ்சது மேடம். தையல் டீச்சர். கூட்டாளி சாவுக்கு வரல. இப்ப மனசு உறுத்துது. நேர்ல வர மூஞ்சி இல்லாம செவுத்துல வந்து மன்னிப்புக் கேக்குறாங்க."

"மானு யாரு வரைஞ்சது?"

"அத அவங்களையே கேப்போம்."

பூங்குழலிக்கும் கிட்டத்தட்ட அதே எண்ணம்தான். ஆனால் அந்தச் சிரிப்பு இடறியது. மனசு உறுத்துகிற ஆள் கடுக்காய் வாங்கும்போது சிரிப்பாளா?

வாலிகண்டபுரத்தில் சிவன் கோயிலுக்குப் பின்புறத் தெருவில் ஓட்டு வீடு. வாசலிலேயே புளித்த வாடை அடித்தது. மூலையில் துணியால் வாய் கட்டிய பானை இருந்தது. தையல் மெஷினின் முன் உட்கார்ந்திருந்த பெண்மணி தலை நரைத்து, மெலிந்து, நிமிர்ந்திருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் மெஷின் நின்றது.

"ராசாத்தி டீச்சருங்களா? அரியலூர்லேருந்து வரோம். பாக்கியராஜ் சார் வூட்டு விஷயமா."

ராசாத்தி எழுந்துவிட்டார். மடியிலிருந்த துணி தரையில் விழுந்தது.

"ஆனி ரோஸ் அனுப்புனாளா?"

பிரசாத் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"அனுப்பிட்டாளா? பாத்தீங்களா, நேத்து வரைஞ்சதுக்கு இன்னிக்கே ஆளு வருது. அவளுக்கு அந்தப் படம் நல்லா வெளங்கும்னு எனக்குத் தெரியும். கதவு தொறந்திருக்கு, நான் வெளிய நிக்கிறேன், உள்ள வரட்டுமான்னு கேட்டிருந்தேன்." பேசிக்கொண்டே முந்தானையால் ஸ்டூலைத் துடைத்தார். "உக்காருங்க. நீ உக்காருப்பா. நேர்ல வர மாட்டாளாமா? ஆளு வுட்டுத்தான் கூப்புடுவாளா? பரவால்ல. கூப்புட்டாளே, அது போதும்."

பூங்குழலி உட்கார்ந்தாள். உட்காராமல் இருக்க முடியவில்லை.

"டீச்சர், உங்களுக்குள்ள என்ன கோவம்?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மாட்டுப்பொங்கலன்னிக்கு எங்க வூட்டுக்காரர் போயிட்டாரு. நெஞ்சு வலி. ஊரே வந்துச்சு. இவ வரல. போனும் இல்ல, ஒரு வார்த்தை இல்ல. கருமாதி வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தேன். அப்புறம் நம்பர மாத்திட்டேன், அண்ணன் வூட்டுக்குப் பக்கத்துல இங்க வந்துட்டேன். ஸ்கூல்காரங்க யாருக்கும் வெலாசம் குடுக்கல. வைராக்கியம்னு வச்சுக்கோங்க."

"அப்புறம்?"

"பஸ்ல போறப்ப ஒரு நாள் பாக்குறேன், அவ வூட்டுச் செவுத்துல மானு." ராசாத்தியின் முகம் மலர்ந்தது. "லீவுல டீச்சர்களுக்கு ஒரு பயிற்சி வச்சாங்க. அங்கதான் நாங்க ரெண்டு பேரும் இதெல்லாம் கத்துக்கிட்டோம். அவ ஒரு துணியில வரைவா, நான் அதுக்கு இன்னொரு துணியில பதில் வரைவேன். அவளுக்கு கோண்டு, எனக்கு மதுபனி. வாயால பேசுனத வுட அதுல பேசுனதுதான் அதிகம். மானப் பாத்ததும் நெனச்சேன், சரி, மொதல்ல எறங்கி வந்தது அவதான்னு. அவ பூசைக்குப் போற நேரமாப் பாத்துப் போய் மீனு வரைஞ்சேன். மூஞ்சிக்கு நேரா நிக்க எனக்குக் கொஞ்சம் கூச்சம்."

பூங்குழலி தன் தொழிலில் எத்தனையோ பேருக்குக் கெட்ட சேதி சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு வேறு குடும்பம் இருப்பதை, பார்ட்னர் ஓடிப்போனதை. அதெல்லாம் சந்தேகப்பட்டுக் காத்திருந்தவர்களுக்குச் சொன்ன சேதிகள். சந்தோஷமாக இருக்கிற ஒருவரிடம் போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்ததில்லை. பிரசாத்தைப் பார்த்தாள். அவன் தரையில் கிடந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தான், மடித்ததையே மறுபடி மடித்துக்கொண்டு.

"டீச்சர், கொஞ்சம் உக்காருங்க."

"என்ன?"

"ஆனி ரோஸ் டீச்சர் தவறிட்டாங்க. போன வருஷம் தவக்காலத்துல. கேன்சர். ஸ்கூல் மூலமா சேதி சொல்லி வுட்டிருக்காரு. உங்களுக்கு வந்து சேரல."

தெருவில் ஒரு ஆட்டோ போனது. ராசாத்தி அது போன திசையைப் பார்த்தார். பிறகு நிதானமாக, ஒரு மாணவி தப்பாகத் தைத்துக் கொண்டுவந்ததைத் திருத்துகிற குரலில் சொன்னார்:

"இல்லீங்க. போன வாரம் மயிலு வந்துச்சே."

பிரசாத் மடித்த துணியை மெஷின் மேல் வைத்தான்.

"நான் மரம் வரைஞ்சேன், அதுக்கு அவ மயிலு போட்டா. நீங்க செவுத்தப் பாக்கலியா? மானு, மயிலு, ரெண்டும் கோண்டு. அவதான் போடுவா." பூங்குழலியின் முழங்கையைப் பிடித்தார். "அவ இல்லன்னா, அப்ப மானு யாரு வரைஞ்சது?"

பூங்குழலியின் கண் முன் மானின் உடம்பு வந்து நின்றது. கோண்டு வரைகிற ஒவ்வொருவருக்கும் உடம்பை நிரப்ப ஒரு தனி வடிவம் உண்டு, அதுதான் அவர்கள் கையெழுத்து என்று காலையில் பிரசாத் போனில் படித்துக் காட்டியிருந்தான். ஒருவருக்கு நெல்மணி, இன்னொருவருக்கு மீன் செதில். இந்த மானுக்குப் புள்ளிகள். வரிசை வரிசையாக, ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வரும்படி. புள்ளிக்குப் புள்ளி சாய்வாக ஒரு கோடு. மயிலுக்கும் அதேதான்.

அதை அவள் அதற்குப் பிறகும் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். சுவரில் இல்லை. ஹாலில், போட்டோவில், வெள்ளைப் பாறையில். வெடிமருந்துக் குழிகள் அப்படித்தான் இருந்தன. குழிக்குக் குழி ஒயர் அப்படித்தான் சாய்வாக ஓடியது.

"பிரசாத், வண்டிய எடு" என்றாள். "டீச்சர், நீங்களும் வாங்க. இத நான் சொல்றத வுட அவரே சொல்றதுதான் சரி."

ராசாத்தி மறுப்புச் சொல்லவில்லை. பிரஷ்களும் மை பாட்டிலும் இருந்த துணிப்பையை, பழக்கத்தில்போல, தோளில் மாட்டிக்கொண்டார். ஒரு ஷேர் ஆட்டோவைப் பேசி அவர்கள் இருவரும் ஏற, பிரசாத் பைக்கில் பின்னால் வந்தான். வழி முழுவதும் ராசாத்தி அழவில்லை. ஒரே ஒரு தடவை, "என் நம்பர் இருந்திருந்தா கூப்புட்டிருப்பா, இல்ல?" என்று கேட்டார். பூங்குழலி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்திருந்தது. கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்த பாக்கியராஜ், ராசாத்தியைப் பார்த்ததும் அங்கேயே நின்றார். அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகியது.

"இவங்கதான் சார் வரைஞ்சது" என்றாள் பூங்குழலி. "டீச்சர் இறந்ததே இவங்களுக்கு இன்னிக்குத்தான் தெரியும். இவ்வளவு நாளா டீச்சர்கிட்ட பேசிட்டு இருக்குறதா நெனச்சுட்டு இருந்தாங்க."

இறுக்கம் ஒரு நொடியில் கரைந்தது. பாக்கியராஜ் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மான நீங்கதான வரைஞ்சீங்க சார்?"

அவர் மானின் பக்கம் திரும்பினார். "அவ துணியப் பாத்துப் பாத்து வரைஞ்சேன். உடம்ப எப்படி நெரப்புறதுன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்ச ஒரே வரிசை அதான். செவுரு மொட்டையா கெடந்துச்சு. வூட்டுக்குள்ள முடியல, அதான் வெளிய வந்து வரைஞ்சேன். அடுத்த வாரம் பூசைக்குப் போயிட்டு வந்தா, பக்கத்துல ரெண்டு மீனு."

"எங்ககிட்ட ஏன் மறைச்சீங்க?" என்றான் பிரசாத். கேலி இல்லாத குரல்.

"எப்படித் தம்பி சொல்றது? அவதான் வந்து பதில் வரையுறான்னு நெனச்சேன். இல்லன்னு புத்திக்குத் தெரியுது. ஆனா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கல்லறையில போய் நின்னுட்டு, 'நீ இங்க இல்ல, வூட்டுலதான இருக்க'ன்னு கேட்டுட்டு வருவேன். மவன் சொல்ற மாதிரியே ஆயிடுவேனோன்னு பயமா போச்சு. இது அவ இல்லன்னு யாராச்சும் ஒருத்தர் வந்து சொல்லணும். அதுக்குத்தான் உங்களக் கூப்புட்டேன்."

பூங்குழலி அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். இப்போது சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ராசாத்தி ஒரு அடி முன்னால் வந்தார். "எங்க வூட்டுக்காரர் சாவுக்கு அவ ஏன் வரலீங்க?"

"அன்னிக்குத் திருச்சி ஆஸ்பத்திரியில மொத ஆபரேஷன். சேதி எனக்கு வந்துச்சு. மயக்கம் தெளிஞ்சதும் சொன்னேன். 'நான் போவணும், அவ தனியா இருப்பா'ன்னு எழுந்திரிக்கப் பாத்தா. நர்சுங்க புடிச்சுப் படுக்க வச்சாங்க. அப்புறம் சொன்னா, 'எனக்கு இப்படின்னு அவகிட்ட சொல்லாதீங்க, அவளே நொந்து கெடக்கா. நான் தேறி நேர்ல போய்ச் சொல்லிக்கிறேன்'னு. தேறி வந்து போன் பண்ணா, நம்பர் இல்லன்னு வருது. ரொம்ப நாளு அந்த நம்பரையே போட்டுட்டு இருந்தா."

ராசாத்தி சுவரில் கை ஊன்றி நின்றார். அவர் வரைந்த மரத்துக்கும் மயிலுக்கும் நடுவில். தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. ஒரு லாரி கடந்தது. புழுதி அடங்கியபோது அவர் முகத்தைத் துடைத்திருந்தார்.

"நான் அவளுக்குத்தாங்க வரைஞ்சேன்" என்றார் பாக்கியராஜிடம். "இனிமே என்னால முடியாது."

"சரிங்க டீச்சர்."

"கல்லறைக்கு ஒரு நாள் வரேன். இன்னிக்கு வேணாம்."

"சரிங்க."

பெரம்பலூர் பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. ராசாத்தி சாலையோரம் நடந்தார். பிரசாத் பஸ்ஸை நிறுத்தக் கையைத் தூக்கினான். பாக்கியராஜ் கேட்டருகே நின்று, விடைபெறவும் தெரியாமல், உள்ளே போகவும் முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூங்குழலிக்கு அந்த நிற்பு தெரியும். வீட்டுக்குள் போனால் என்ன இருக்கும் என்று தெரிந்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

ராசாத்தி சட்டென்று திரும்பினார்.

"அந்த மானு பின்னங்காலு."

"என்னங்க?"

"கோணலா இருக்கு. மயிலுக்குக் கழுத்தும் அப்படித்தான். அவளுக்குக் கை நடுங்குது, ஒடம்புக்கு என்னமோன்னு நெனச்சேன். அதான் வாரா வாரம் வந்தேன்." மானின் காலைக் காட்டினார். "முட்டி முன்னால மடங்காதுங்க. பின்னால மடங்கணும். அப்படியே வுட்டுடாதீங்க, அவ செவுரு அது. பஸ்ல போறவங்க பாப்பாங்க."

பாக்கியராஜ் மானுக்கு எதிரில் போய் நின்றார். குனிந்து காலைப் பார்த்தார். எவ்வளவோ பாறையை அளந்து பிளந்த கை, காற்றில் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டுத் தயங்கியது.

"எப்படிங்க?" என்றார்.

பஸ் நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறுறீங்களா இல்லையா?" என்று சத்தம் போட்டார். பிரசாத், நிறுத்தச் சொன்ன அதே கையால், போகச் சொன்னான்.

ராசாத்தி தோளிலிருந்த பையைக் கழற்றிச் சுவரோரம் கீழே வைத்தார்.